நாலு ஜிபியும் ஒரு சிவப்பு அட்டையும்

என் ஓரகத்தியைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஒரு பழைய கம்ப்யூட்டரின் பூட் செட்டிங்கை மாற்றுவதற்கு நான் ஏன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவ்வளவு வெறியோடு உட்கார்ந்தேன் என்று யாருக்கும் புரியாது.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. அணுமின் பிளான்ட்டில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை, அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ். நாங்கள் செங்கல்பட்டில், ஜங்ஷன் அறிவிப்பு வீட்டுக்குள் கேட்கும் தூரத்தில் இருக்கிறோம். நான் பரனூர் பக்கம் ஓர் ஐடி அலுவலகத்தில் டெஸ்டிங் பார்க்கிறேன். அதாவது மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். வீட்டிலும் இதே வேலைதான், அங்கே சம்பளம் மட்டும் கிடையாது என்பார் என் கணவர்.

அவளுக்குக் குழந்தை இல்லை. எனக்கு ஒரே மகள். மகள் சின்னவளாக இருந்தபோது எனக்கு ஷிஃப்ட் மாறி மாறி வரும். அப்போதெல்லாம் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போய் அணுபுரத்தில் விட்டுவிட்டு வருவோம். முதல் பல் விழுந்தது அங்கேதான். சைக்கிள் கற்றுக்கொண்டதும் அங்கேதான். அம்மை போட்டபோதுகூட அங்கேதான் படுத்திருந்தாள். நானேதான் கேட்டுக்கொண்டு விட்டேன், ஓரகத்தி பிடுங்கிக்கொள்ளவில்லை. அவள் பிடுங்கியிருந்தால் ஒரு நாள் நன்றாகச் சண்டை போட்டு முடித்திருப்பேன். அதற்கும் அவள் வழிவிடவில்லை.

அவள் வீட்டில் டிவிக்குப் பின்னால் செருப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. வீட்டு சர்வர். குடும்பத்தில் யார் போனில் படம் எடுத்தாலும் அதில் போய்ச் சேர்ந்துகொள்ளும். பழைய ஆல்பங்களையும் அவள் பொறுமையாக ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தாள். பெட்டி முகங்களை அடையாளம் கண்டு பிரித்து வைக்கும். ஒருவர் பேரைத் தட்டினால் அவர் இருக்கும் படங்களை எல்லாம் டிவியில் கொண்டுவந்து கொட்டும். அவளே ஆராய்ந்து அவளே பாகங்களை வாங்கிப் பூட்டியது. யாரிடமும் உதவி கேட்கவில்லை என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறேன் என்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வராது.

போன கார்த்திகைக்கு எல்லோரும் அங்கே கூடியிருந்தோம். விளக்கெல்லாம் ஏற்றி முடித்துவிட்டுப் பொரி உருண்டையைக் கடித்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். மகள்தான் ஒவ்வொருவர் பேராகத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா பேரைத் தட்டினாள். அரைக்கால் சட்டையில் ஆரம்பித்துத் தொப்பை வரை வரிசையாக வந்தது. பெரியப்பா வந்தார். பெரியம்மா வந்தாள். கல்யாணமாகிப் போன நாத்தனார் வந்தாள். எதிர் வீட்டு நாய்க்கே ஆறேழு படம் இருந்தது. பிறகு என் பேரைத் தட்டினாள்.

ஒன்றும் வரவில்லை. வெறும் கறுப்புத் திரை.

“அம்மா, நீ இல்லவே இல்லம்மா!” என்று மகள் கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயில் இருந்த பொரி உருண்டை மட்டும் உள்ளே இறங்கவில்லை. இந்தக் குடும்பத்துக்கு வாழ வந்து மகளே காலேஜ் முடிக்கப் போகிறாள், நாய்க்கு இருக்கிற இடம் எனக்கு இல்லையா?

ஓரகத்தி அவசரமாக ரிமோட்டை வாங்கினாள். “அது இன்னும் சரியா கத்துக்கல” என்று சொல்லிவிட்டு நியூஸ் சேனலை வைத்தாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை நான் நன்றாகக் குறித்துக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு கணவரிடம் சொன்னேன், “நமக்குன்னு ஒரு சர்வர் வாங்கணும்.”

“அண்ணி வூட்லதான் கீதே?”

“அதனாலதான்.”

சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போய், ஏதோ ஆபீசிலிருந்து கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தோம். ஹார்டு டிஸ்க் மட்டும் புதிது. ரேம் பதினாறு ஜிபி, எட்டும் எட்டுமாக இரண்டு, ஒன்றுக்கொன்று ஜோடியில்லாத வேறு வேறு கம்பெனி. ரேம் என்பது சமையல் மேடை மாதிரி. இடம் பெரிதாக இருந்தால் ஒரே நேரத்தில் நாலு வேலை நடக்கும். முகங்களைப் பிரிக்கும் வேலைக்குப் பெரிய மேடை வேண்டும். அவள் பெட்டியில் எட்டுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பதினாறு வாங்கினேன்.

வாங்கி வந்த நேரம், ஆபீசில் ரிலீஸ் வேலை தலைக்குமேல் வந்துவிட்டது. பெட்டி அரிசி டிரம் பக்கத்தில் தரையில் கிடந்தது. ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் அது மேஜைமேல் உட்கார்ந்து விளக்கெரிந்துகொண்டிருக்கிறது. என் கணவர் நல்ல மனசோடு அதை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டி அணுபுரம் எடுத்துக்கொண்டு போய், ஓரகத்தியிடம் கொடுத்து, சிஸ்டம், புரோகிராம் எல்லாவற்றையும் ஏற்றி வாங்கிவந்திருந்தார்.

“அண்ணி ஒரே மூச்சுல முடிச்சிட்டாங்க” என்றார் பெருமையாக.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சிவப்பு அட்டை வெள்ளைக் கயிற்றில் தொங்கியது. பெரிய எழுத்தில் ‘தொடக் கூடாது’ என்று இருந்தது. அதன் கீழே அவள் பேர், அவள் கையெழுத்து. என் காசில் வாங்கிய என் பெட்டி, என் வீட்டு மேஜை, அதில் அவள் பேர்! கத்தரிக்கோலை எடுத்து வந்து கயிற்றை வெட்டினேன். அட்டையைச் சமையலறை டிராயரில், ரப்பர் பேண்டும் தீர்ந்துபோன பேட்டரியும் கிடக்கும் இடத்தில் போட்டேன்.

“இரு, அண்ணி இன்னா சொன்னாங்கன்னா...” என்று கணவர் ஆரம்பித்தார்.

“ஒண்ணும் சொல்ல வேணாம்.”

அவர் வாயை மூடிக்கொண்டார். என் குரலில் எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இதற்கிடையில் மகள் ஒரு குண்டைப் போட்டாள். அவள் சென்னையில் ஹாஸ்டலில் தங்கி மீடியா படிக்கிறாள். கடைசி செமஸ்டருக்கு ஒரு படம் எடுக்கிறாள். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடற்கரையில் சுற்றுலாக்காரர்களைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போகிறவர்களைப் பற்றிய படம். திருவிடந்தையில் ஒரு குதிரைக்காரர் குடும்பத்தோடு பல நாள் இருந்து எடுத்திருக்கிறாள். வீடியோ மலைபோலக் குவிந்திருக்கிறது. எந்தத் துண்டில் எந்த முகம் இருக்கிறது என்று பிரித்துக் கொடுக்க அவளுக்கு ஒரு சர்வர் வேண்டும். செமஸ்டர் லீவு முழுக்க அதோடு உட்கார்ந்து எடிட் செய்ய வேண்டும். லீவு முடிந்ததும் புனேயில் வேலை. பிறகு அவள் வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வருவாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

“எந்த வூட்ல சர்வர் ஒழுங்கா ஓடுதோ அங்க இருக்கேம்மா” என்றாள் போனில். “வர சனிக்கிழம வந்து உன்னுத பாக்கறேன். சரிப்பட்டா இங்க, இல்லன்னா பெரிம்மா வூடு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி லீவு. அதையும் அந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறிப் போய் என் மகளைப் பார்த்துவிட்டு வர வேண்டுமா?

பெட்டியை ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். வீட்டிலிருந்த படங்களை எல்லாம் ஏற்றினேன். எங்கள் கல்யாண ஆல்பம், கல்யாணமான புதிதில் எடுத்தவை, மகள் போனில் இருந்து தானாக வந்து சேர்ந்தவை. சேர்த்து வைக்கும் வேலையைப் பெட்டி ஒழுங்காகச் செய்தது. முகம் பிரிக்கச் சொன்னதும் திணறியது. கொஞ்ச தூரம் போகும், நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ரேம் எவ்வளவு என்று பார்த்தேன். நாலு ஜிபி என்று காட்டியது.

பதினாறு போட்டிருக்கிறேன், நாலு காட்டுகிறது. மூடியைக் கழற்றி ரேம் இரண்டையும் எடுத்து, பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் ரப்பரால் அவற்றின் தங்க நிறப் பற்களைத் தேய்த்து மறுபடி செருகினேன். நாலுதான் காட்டியது. இடம் மாற்றிச் செருகினேன். அப்போதும் நாலு. ஒன்றை மட்டும் போட்டால் நாலு, மற்றதை மட்டும் போட்டாலும் நாலு. எதைச் செய்தாலும் அசையாமல் ஒரே பதிலைச் சொல்லும் மாமியார் மாதிரி நின்றது.

வியாழக்கிழமை லீவு போட்டேன். குறையைக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆபீசில் ஆள் கிடையாது, என் வீட்டு மேஜையில் விட்டுவிடுவேனா? பெட்டியை அணைத்துப் போட்டு, அது விழிக்கும்போதே கீயைத் தட்டி அதன் அடிப்படை செட்டிங்குக்குள் போனேன். நீலத்திரை வந்தது. அங்கே பதினாறு என்று பளிச்சென்று இருந்தது. உள்ளே இருக்கும் மதர்போர்டுப் பலகைக்குத் தன்மேல் பதினாறு இருக்கிறது என்று தெரிகிறது. அதன்மேல் ஓடும் சிஸ்டத்துக்குத்தான் தெரியவில்லை. அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில் எங்கோ அடைப்பு.

நடுவில் இருப்பது பூட் செட்டிங்தான். சிஸ்டம் கண் விழிக்கும்போது முதலில் ஒரு வரியைப் படிக்கும். எந்த டிஸ்க்கிலிருந்து எழ வேண்டும், எப்படி எழ வேண்டும் என்று அந்த வரியில் இருக்கும். அதைத் திறந்தேன். வரியின் கடைசியில், நாலு ஜிபிக்கு மேல் தொடாதே என்று எழுதியிருந்தது.

இதை எந்த சிஸ்டமும் தானாக எழுதிக்கொள்ளாது. ஒரு ஆள் உட்கார்ந்து கையால் தட்டினால்தான் உண்டு. அந்தக் கை யாருடையது என்று எனக்குச் சொல்ல வேண்டுமா?

உடம்பெல்லாம் எரிந்தது. அவளுடையது எட்டு, என்னுடையது பதினாறு. என்னுடையது முழுதாக ஓடினால் மகள் இங்கே வந்துவிடுவாள். அதனால் என் பெட்டியின் கழுத்தில் கயிறு கட்டி, பத்தாததற்குத் தன் பேரையும் தொங்கவிட்டு அனுப்பியிருக்கிறாள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. கார்த்திகை அன்று என் முகத்தைப் பார்க்காமல் பேசியதும் அதோடு வந்து ஒட்டிக்கொண்டது.

கணவருக்குப் போன் போட்டேன். “உங்க அண்ணி செஞ்ச வேலையப் பாத்தீங்களா? பூட்ல நாலுன்னு கட்டி வெச்சிருக்காங்க.”

“அய்ய, அதத்தான் அன்னிக்கே சொல்ல வந்தேன்...”

போனைக் கட் செய்தேன்.

வரியின் வாலை அழித்தேன். சேமித்தேன். மாற்றியதை எடுத்துக்கொள் என்று சிஸ்டத்துக்கு ஆணை கொடுத்துவிட்டு மறுபடி எழுப்பினேன். திரை கறுப்பானது. ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அந்த வரியில் ஓர் எழுத்து தவறாக அழிந்திருந்தால் பெட்டி எழாது, சனிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றவும் முடியாது. குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. நான் எழுந்து போய் அணைக்கவில்லை. கோடு மறைந்தது. எழுத்துகள் மளமளவென்று ஓடின. ரேம் எவ்வளவு என்று கேட்டேன்.

பதினைந்தும் சொச்சமும். அதைப் பதினாறு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெண் பால்கனிக்கு வந்து “இன்னாக்கா, பல்லியா?” என்று கேட்டாள்.

திரையைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அதோடு விட்டிருக்கலாம். குடும்ப குரூப்பிலும் போட்டேன், ‘ஃபுல் 16’ என்று எழுதி. ஓரகத்தி பார்த்துவிட்டாள் என்று காட்டியது. ஏதோ எழுதத் தொடங்கினாள், நிறுத்தினாள், மறுபடி எழுதினாள். கடைசியில் ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. தோற்றவளின் கட்டைவிரல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குக்கரைத் திறந்தேன். சாதம் அடிப்பிடித்திருந்தது. இருந்தாலும் ருசியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. மகள் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் ஓரகத்தி, கையில் தூக்குச் சட்டியோடு. ஹாஸ்டலிலிருந்து நேராக அங்கே போய் இறங்கிவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறாள் என் பெண்.

“இன்னா, உள்ள வரலாமா?” என்றாள் ஓரகத்தி. “கடம்பா மீனு வறுத்து எடுத்தாந்தேன். புள்ளைக்குப் புடிக்கும்.”

என் மகளுக்கு என்ன பிடிக்கும் என்று என் வாசலில் நின்று எனக்குச் சொல்கிறாள். வாங்கக்கா என்றேன். அவளை எங்கள் வாசலில் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன், சட்டென்று சொல்ல முடியவில்லை. பண்டிகை எல்லாம் அவள் வீட்டில்தான் நடக்கும், அதனால் கூப்பிட வேண்டிய அவசியம் வந்ததில்லை. வராதபடி நான் பார்த்துக்கொண்டேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

மகள் நேராகப் பெட்டியிடம் போனாள். ரேமைப் பார்த்தாள், தன் வீடியோ ஒரு கற்றையை ஏற்றி முகம் பிரிக்கவிட்டாள். பெட்டி திணறவில்லை, விறுவிறுவென்று குதிரைக்காரர்களைப் பிரித்து அடுக்கியது. “சூப்பரா கீதும்மா! லீவுக்கு நான் இங்கதான்” என்றாள்.

நான் ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் தலையாட்டிக்கொண்டு “நல்லதாப் போச்சி” என்றாள். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அத்தோடு நிறுத்திக்கொள்கிற ஆளா நான்?

“ஏங்க்கா, நாலுல எதுக்குக் கட்டி வெச்சீங்க?”

“டேக் மாட்டி வுட்டேனே? எங்க அது?” என்று பெட்டியின் பக்கவாட்டைத் தேடினாள்.

“அறுத்துட்டேன்.”

“அறுத்துட்டியா?” அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. எரிகிற அடுப்பின் சிலிண்டரை நான் கழற்றிவிட்டது போலப் பதறினாள். “இன்னாம்மா நீ... ரேம் பழசு, ஜோடி கூட இல்ல. எங்க பிளான்ட்ல எதையும் எடுத்த எடுப்புல ஃபுல்லா ஏத்த மாட்டோம். கால் பங்குல நிறுத்தி ஓட்டுவோம். சூடாவுதா, தப்பு வருதான்னு பாத்துட்டுதான் ஏத்துவோம். அதுவரைக்கும் டேக் தொங்கும். மாட்டுனவங்கதான் வந்து அவுக்கணும். பெரிய ஆபீசரே வந்தாலும் தொட மாட்டாரு.”

“இது பிளான்ட் இல்லக்கா, வூடு.”

“பழக்கம் போவ மாட்டுது” என்றாள்.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “பெரிம்மா புது மிக்ஸிக்கே டேக் மாட்டுனாங்கம்மா. ஒரு வாரம் பெரிப்பாக்கு சட்னியே இல்ல.”

ஓரகத்தி சிரிக்கவில்லை. “ஒரு வாரம் ஓடட்டும், அப்புறம் அவள எனக்குப் போன் பண்ண சொல்லு, நானே வந்து அவுத்து வுடறேன்னு உன் வூட்டுக்காரர்கிட்ட சொல்லித்தான் அனுப்பினேன். நீ கூப்புடுவேன்னு பாத்துகினே இருந்தேன். ஞாயித்துக்கெழமையில எங்கியும் போகல.”

அடுக்களையில் நின்ற என் கணவர் கூரையைப் பார்த்தார். ஒரு சிவப்பு அட்டையை மாட்டிவிட்டு, அதை அவிழ்க்கக் கூப்பிடுவார்கள் என்று ஒருத்தி வாராவாரம் காத்திருந்திருக்கிறாள். என் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மனசு இளகியிருக்க வேண்டும். அதற்குள் கார்த்திகை வந்து குறுக்கே நின்றது.

“அப்போ உங்க சர்வர்ல நான் மட்டும் ஏன் இல்ல?” என்று கேட்டேன். இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்த கேள்வி.

அவள் பதில் சொல்வதற்குள் “ஐயோ, இங்க வாங்க ரெண்டு பேரும்” என்று மகள் கூப்பிட்டாள். வீடியோவை முடித்துவிட்டு, வீட்டுப் படங்களுக்குப் போயிருந்தது பெட்டி. திரையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முகங்கள். ஒன்று கல்யாண வரவேற்பில் நான். இன்னொன்று மகள். கீழே ஒரு கேள்வி: இவர்கள் இருவரும் ஒரே ஆளா?

“இதான்” என்றாள் ஓரகத்தி. “எங்க வூட்ல இது கேக்கவும் இல்ல, அதுவாவே சேத்துடிச்சி. உன் படம் பூரா இவ பேர்லதான் கீது. இவ பேரத் தட்டிட்டு கீழ கீழ போனா உன் கல்யாணம் வரும். நான் உன்ன அதுலேர்ந்து எடுக்கலம்மா. ஒவ்வொண்ணா பிரிக்கணும்னு உக்காந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் ரெண்டு பேரும் ஒண்ணா, ஒண்ணான்னு கேட்டுகினே கீது. பேஜாராப் போச்சி. மூடி வெச்சிட்டேன்.” பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “என் மூஞ்ச மட்டும் அது யார்கூடவும் சேக்கல.”

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், ஜில்லென்று இருந்தது. பாவமாகவும் இருந்தது, ஆனால் ஜில்லென்று இருந்ததுதான் முதலில். பல் அங்கே விழுந்தால் என்ன, அந்த முகம் என்னுடையது. அவள் வீட்டுப் பெட்டியே அதைச் சொல்லிவிட்டது.

“குடு, நான் பிரிக்கறேன்” என்று மவுஸை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு படமாக வந்தது. இது நான். இது அவள். இதுவும் அவள். ஒருத்தி என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பில் கொஞ்சம் வேகமாகவே தட்டினேன்.

அடுத்த படத்தில் கடல். கத்தரிப்பூ நிறப் பட்டில் பக்கவாட்டாகத் திரும்பி நிற்கும் ஒரு பெண். படம் மங்கிப் பழுத்திருந்தது. அந்தப் புடவை என் வரவேற்புப் புடவை, பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது. கல்யாணமான புதிதில் அதைக் கட்டிக்கொண்டுதான் மாமல்லபுரம் போனோம்.

“இது நான்” என்றேன்.

“இல்ல. அது இவ” என்றாள் பின்னாலிருந்து.

“அக்கா, புடவை என்னுது.”

“புடவை உன்னுதுதான். கட்டி வுட்டது நான்.”

திரும்பி மகளைப் பார்த்தேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “காலேஜ் ஃபேர்வெல்லுக்கும்மா. உன் பீரோலேர்ந்து எடுத்துகினு போனேன். எனக்குக் கட்டத் தெரியாதில்ல, அதான் பெரிம்மா வூட்டுக்குப் போய்ட்டேன். அங்க பீச்சுல எடுத்தது. போட்டோ பழசு மாதிரி இருக்கட்டும்னு நான்தான் கலர மாத்தினேன். சொல்லலாம்னுதான் இருந்தேன்.”

மறுபடி படத்தைப் பார்த்தேன். கொசுவம் என் பழைய படத்தில் இருக்கிற அதே மூன்று விரல் அகலத்தில், அதே மாதிரி விழுந்திருந்தது. கல்யாணமாகி வந்தபோது எனக்கும் பட்டுப்புடவை கட்ட வராது. வரவேற்புக்கும் சரி, மாமல்லபுரம் போன அன்றும் சரி, எனக்குக் கட்டிவிட்டவள் இவள்தான்.

“எப்டிக்கா கண்டுபுடிச்சீங்க?”

“உனக்குக் கட்டும்போது நீ பயந்துகினு மூச்சப் புடிச்சிகினு நின்ன. உன் படத்துல மடிப்பு இறுக்கமா கீது. இவ சிரிச்சிகினு ஆடிகினே இருந்தா. பாரு, தோள்ட்ட எப்டித் தளந்து கீதுன்னு.”

பெட்டி பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பெற்றவளுக்குத் தெரியவில்லை. பதினாறு ஜிபிக்கும் தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன்.

“நீங்க உக்காருங்கக்கா.”

அவள் உட்கார்ந்தாள். அவசரப்படாமல், ஒவ்வொரு படத்தையும் பார்த்து, இது நீ, இது இவ, இது நீ என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. நான் போய்க் கடம்பாவைச் சூடு பண்ணினேன். சாப்பிட்டு முடித்து மறுபடி உட்கார்ந்தும் தீரவில்லை. அவள் கிளம்ப நேரமாகிவிட்டது.

“மீதிய நீ பாத்துக்கோ” என்று எழுந்தாள்.

நான் சமையலறை டிராயரைத் திறந்து, ரப்பர் பேண்டுகளுக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்து வந்தேன். வெட்டிய கயிற்றை முடிச்சுப் போட்டு அவளிடம் நீட்டினேன். “மாட்டிட்டுப் போங்க. ஞாயித்துக்கெழம வந்து அவுத்து வுடுங்க. அதுவரைக்கும் இந்தப் படங்கள யாரும் தொட மாட்டோம்.”

அவள் அட்டையை வாங்கிக்கொண்டு நான் போட்ட முடிச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, பெட்டியின் பக்கவாட்டில் இரட்டை முடிச்சாகக் கட்டினாள்.

அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறாள். வந்து அவிழ்க்கிறாள், கொஞ்சம் படம் பிரிக்கிறாள், போகும்போது மறுபடி மாட்டிவிட்டுப் போகிறாள். மகளும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கும் சத்தம் எனக்கு அடுக்களை வரை கேட்கும். மற்ற நாள் எல்லாம் என் பெட்டியில் அவள் பேர் தொங்கிக்கொண்டிருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டுதான் வருகிறது. இதுவரை நான் கத்தரிக்கோலை எடுக்கவில்லை.